அம்மாவின் கைவேலையை எங்கே எழுதி வைப்பது?

சென்ற இதழில் ஒரு வாசகி, தாயை இழந்தவர்கள் பிடிக்கும் விரதம் பற்றிக் கேட்டிருந்தார். தகப்பனுக்கு ஆடி அமாவாசை, தாய்க்குச் சித்திரா பௌர்ணமி என்று நாலு வரியில் பதில் எழுதினேன். அதற்குப் பிறகு வந்த கடிதங்களில் விரதத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. எல்லாரும் தங்கள் அம்மாவைப் பற்றி, அம்மம்மாவைப் பற்றித்தான் எழுதியிருக்கிறார்கள். வீணை வாசித்த அம்மா, பாய் இழைத்த உம்மும்மா, கசெட்டில் கதை சொல்லி அனுப்பிய அம்மம்மா. ஆகவே இந்த முறை படிப்பு, கலியாணம், காணிக் கேள்விகளை எல்லாம் ஒதுக்கி வைத்திருக்கிறேன். அவற்றுக்கு அடுத்த இதழில் பதில் வரும்.

கேள்வி: ரீச்சர், என் அம்மா போன மாதம் 78 வயதில் காலமானார். வீணை வாசிப்பார், தைப்பார், திருகோணமலைக் கோணேசர் நகர்வலம் வரும்போது எங்கள் ஒழுங்கை முழுக்கக் கோலம் போடுவார். பேரப்பிள்ளைகளுக்கு உடுப்புத் தைத்துப் போட்டு விறாந்தையில் நாடகம் நடத்துவார். 31ஆம் நாளுக்கு நினைவு மலர் அச்சிட வேண்டும். அச்சகத்தில் ஒரு மாதிரி தந்தார்கள். ‘அன்பின் உருவமே, பண்பின் சிகரமே’ என்று தொடங்குகிறது. பெயரை மட்டும் மாற்றினால் போதுமாம். எனக்கு மனம் ஒப்பவில்லை. என்ன எழுதுவது?
– வாசகி, உவர்மலை

பதில்: தங்கச்சி, உங்கள் மனம் ஒப்பாதது சரிதான். அந்த வரிகள் எந்த அம்மாவுக்கும் பொருந்தும். படத்தை மாற்றினால் பக்கத்து வீட்டு அம்மாவுக்கும் அதுவே போதும். வருடா வருடம் ஒழுங்கையை மறித்துக் கோலம் போட்ட ஒருவரை அப்படி வழியனுப்பக் கூடாது.

31ஆம் நாள் மலர் என்பது நம்மவர்களின் அருமையான வழக்கம். பழைய ஆட்கள் அதைக் கல்வெட்டு என்றே சொல்வார்கள். பிள்ளையார் காப்பு, இறந்த திதியைச் சொல்லும் வெண்பா, ஊர்ச் சிறப்பு, குடும்ப வரலாறு, பிறகு கணவர் புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல், பேரர் புலம்பல் என்று வரிசையாகப் போகும். ஊரில் கவி கட்டத் தெரிந்த ஒருவர் வீட்டுக்கு வந்திருந்து, விசாரித்து எழுதிக் கொடுப்பார். அந்த விசாரணைதான் இப்போது இல்லாமல் போய்விட்டது. பஞ்சபுராணமும் சிவபுராணமும் வம்சாவளியும் நன்றி நவிலலும் மிஞ்சியிருக்கின்றன. அவை இருக்கட்டும், வேண்டியவைதான். வம்சாவளியை ஒரு பெயர் விடாமல் போடுங்கள். நடுவில் எட்டுப் பக்கமாவது அம்மா என்ன செய்தார் என்பதற்கு ஒதுக்குங்கள். பழைய புலவர் செய்த விசாரணையை நீங்களே செய்யுங்கள்.

‘கலையார்வம் மிக்கவர்’ என்று எழுத வேண்டாம். வீணை எங்கே வாங்கியது? யார் காசு கொடுத்தார்கள்? யாரிடம் படித்தார்? கலியாணத்துக்குப் பிறகு எத்தனை காலம் அது உறைக்குள் கிடந்தது, பிறகு யார் சொல்லி வெளியே எடுத்தார்? தையல் பழகியது பாடசாலையிலா, பெரியம்மாவிடமா? 1923இல் பெண் பிள்ளைகளுக்கென்று தொடங்கிய ஸ்ரீ சண்முக வித்தியாலயத்தில் படித்தவரா, புனித மரியாளில் படித்தவரா? வகுப்பில் கூட இருந்தவர்கள் இன்னும் இரண்டு பேராவது ஊரில் இருப்பார்கள். செத்த வீட்டுக்கு வந்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏதாவது சொல்லியிருப்பார்கள். இந்தக் கிழமையே போய் அதைத் திரும்பக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

என் அம்மாவும் வீணைக்காரிதான். வீணையில் விரல் அமத்துகிற 24 மெட்டுகளும் மெழுகில்தான் நிற்கின்றன. நம் ஊரில் கச்சான் என்கிற வெக்கைக் காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களில் மெழுகு இளகும். மெட்டு ஒரு நூலளவு அமிழ்ந்தாலே சுருதி கெட்டுவிடும். அந்த மாதங்களில் அம்மா வீணையை மேற்குச் சுவர்ப் பக்கம் வைக்க விடமாட்டார். மத்தியானம் வருகிற பிள்ளைகளிடம், “வீணைக்கு வேர்க்குது, இண்டைக்கு வாய்ப்பாட்டு” என்பார். வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சைக்குப் படிக்கிற பெண் பிள்ளைகள் பாயில் வரிசையாக இருந்து சிரிப்பார்கள். அம்மாவின் மலரில் நான் முதலில் எழுதியது இந்த ஒரு வரியைத்தான். அதை வாசித்த பழைய மாணவி ஒருவர் வெளிநாட்டிலிருந்து போன் எடுத்து, ஹலோ கூடச் சொல்லாமல், அந்த வரியை அம்மாவின் குரலிலேயே சொன்னார். எனக்குப் பேச்சு வரவில்லை. ‘பண்பின் சிகரமே’ என்று எழுதியிருந்தால் அந்த போன் வந்திருக்காது.

ஊர்ச் சிறப்பை ஒரு பந்தியில் முடித்துவிடுங்கள். கோணமலைக்குச் சம்பந்தர் தேவாரமும் அருணகிரிநாதர் திருப்புகழும் இருப்பது வாசிக்கிறவர்களுக்குத் தெரியும். உங்கள் அம்மா அந்தத் தேவாரத்தை எந்த ராகத்தில் பாடினார், எந்த இடத்தில் மூச்சு வாங்கினார் என்பது உங்கள் வீட்டாருக்கு மட்டும்தான் தெரியும். அதை எழுதுங்கள்.

கோலத்துக்கு அம்மா கொப்பி வைத்திருந்தாரா? அலுமாரியின் அடித்தட்டு, தையல் மெசின் லாச்சி, சாமியறைப் பெட்டி எல்லாம் பாருங்கள். என் அம்மாவின் கொப்பி ஒரு பக்கத்திலிருந்து கோலமும், திருப்பிப் பிடித்தால் மறுபக்கத்திலிருந்து சுரமுமாக இருக்கும். இரண்டும் சந்திக்கிற நடுப் பக்கத்தில் பயத்தம் பணியாரத்துக்கு மா, சர்க்கரைக் கணக்கு எழுதியிருந்தார். மலரில் அந்தப் பக்கத்தை அப்படியே படம் பிடித்துப் போட்டோம், எண்ணெய்க் கறையோடு. கொப்பி கிடைக்காவிட்டால் நீங்களும் சகோதரிகளும் முற்றத்தில் இருந்து, அம்மாவோடு சேர்ந்து போட்ட கோலம் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். எத்தனை புள்ளி, நேர்ப்புள்ளியா ஊடுபுள்ளியா என்று வாயால் கேட்டால் ஒருவருக்கும் ஞாபகம் வராது. மாவைக் கையில் எடுத்தால் விரல் தானாகப் போகும். ஒருவர் மாடியிலிருந்தோ ஏணியிலிருந்தோ நேர் மேலாக நின்று போனில் படம் எடுக்கட்டும்.

பேரப்பிள்ளைகளுக்கு வேறொருவர் எழுதிக் கொடுக்கும் புலம்பல் வேண்டாம். விறாந்தை நாடகத்தில் யார் ராசா, யார் குதிரை, சேலையை எந்தக் கயிற்றில் திரையாகக் கட்டினார்கள் என்று அவர்களே எழுதட்டும். எழுத்துப் பிழைகளை மட்டும் திருத்துங்கள், வசனத்தைத் தொடாதீர்கள். சின்னப் பிள்ளைகள் என்றால் படம் கீறித் தரட்டும்.

கடைசியாக, ‘அம்மா செய்தவை’ என்று ஒரு பக்கம் போடுங்கள். எந்தத் தலையணை உறை யார் வீட்டில், எந்தச் சட்டை எந்தப் பேத்தியிடம், நவராத்திரிக்குச் செய்த கடதாசிப் பூக்கள் எங்கே என்று. அந்தப் பக்கம் வெளியானால், எங்களிடமும் ஒன்று இருக்கிறது என்று பலர் சொல்லி வருவார்கள். பக்கக் கணக்கு நான்கின் மடங்காக வரவேண்டும் என்பதை மறக்காதீர்கள். நடுவில் கம்பி அடிக்கும் புத்தகத்துக்கு 32 அல்லது 36 என்றால்தான் வெற்றுப் பக்கம் மிஞ்சாது. அச்சானதும் ஒரு பிரதியை நூலகம் நிறுவனத்துக்குக் கொடுங்கள். 2005 முதல் ஈழத்து நூல்களை இணையத்தில் ஏற்றி வருகிறவர்கள் நினைவு மலர்களையும் சேர்க்கிறார்கள். உங்கள் அம்மாவின் கோலத்தை நாளைக்கு முன்பின் தெரியாத ஒரு பிள்ளை பார்த்துப் போடலாம்.

கேள்வி: 80களின் கடைசியிலும் 90களிலும் அம்மம்மா திருகோணமலையிலிருந்து எங்களுக்குக் கடிதத்துக்குப் பதில் கசெட் அனுப்புவார். கதை சொல்வார், பாடுவார், நடு நடுவே எங்கள் அம்மாவை ஏசுவார். ஒரு சப்பாத்துப் பெட்டி நிறைய இருக்கிறது. கேட்கப் பயமாக இருக்கிறது, நாடா அறுந்துவிடுமோ என்று. என்ன செய்யலாம்?
– வாசகர், ஸ்காபரோ, கனடா

பதில்: தம்பி, பயப்படுவது நல்லது, ஆனால் பயந்து பெட்டியை மூடி வைப்பது நல்லதல்ல. காந்த நாடா இருந்த இடத்திலேயே கெடும். இந்த வருடமே கணினிக்கு மாற்றிவிடுங்கள்.

முதல் வேலை, ஒவ்வொரு கசெட்டின் மேல் விளிம்பிலும் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் தகடுகள் இருக்கும். அவற்றை உடைத்துவிடுங்கள். அதன் பிறகு யார் தவறுதலாக ரெக்கோட் பொத்தானை அமத்தினாலும் அம்மம்மாவின் குரல் அழியாது. அடுத்தது, நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சணம் தெரிகிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நம் ஊர்க் கடற்காற்றில் கொஞ்ச நாள் கிடந்தவை என்றால் இருக்கலாம். பூஞ்சணம் பிடித்ததைப் போட்டுக் கேட்க வேண்டாம், இந்த வேலையே செய்கிறவரிடம் கொடுங்கள். நாடாவை உள்ளிருந்து அழுத்தும் சின்னப் பஞ்சுத் துண்டு பல பழைய கசெட்டுகளில் கழன்று விழுந்திருக்கும். அப்போது சத்தம் மங்கிக் கேட்கும். நாடா கெட்டுவிட்டது என்று எறிந்துவிடாதீர்கள். நாடாவை வேறொரு கசெட்டுக் கூட்டுக்குள் மாற்றிவிட்டால் சரியாகிவிடும்.

நல்ல நிலையில் உள்ளவற்றை ஒருமுறை கடைசி வரை ஓடவிட்டு, திரும்பச் சுற்றி, அதன் பிறகு கேளுங்கள். ரேப் ரெக்கோடரின் தலையை அற்ககோலில் தோய்த்த பஞ்சால் துடைத்திருக்க வேண்டும். அதிலிருந்து ஒரு வயர் கணினிக்கு. ஒடாசிட்டி என்ற இலவச மென்பொருள் போதும். எம்பி3 ஆகச் சேமிக்காமல் வேவ் கோப்பாகச் சேமியுங்கள். இடம் அதிகம் பிடிக்கும், பிடித்தால் பிடிக்கட்டும். மூன்று பிரதி வேண்டும், அதில் ஒன்று வேறு வீட்டில் இருக்க வேண்டும்.

இனி நான் வற்புறுத்திச் சொல்வது. இரைச்சலை நீக்குகிறேன் என்று பின்னால் கேட்கும் சத்தங்களை வடித்துவிடாதீர்கள். காகம், சைக்கிள் மணி, கோவில் மணி, தூரத்தில் ஹெலிகொப்டர், அதைக் கேட்டு அம்மம்மா பேச்சை நிறுத்துகிற அந்த இடைவெளி, எல்லாம் இருக்கட்டும். சுத்தப்படுத்திய பிரதி வேண்டுமென்றால் தனியாக ஒன்று செய்யுங்கள். மூலத்தில் கை வைக்க வேண்டாம்.

பிறகு உங்கள் அம்மாவைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு கேளுங்கள். எந்த நிமிடத்தில் என்ன கதை, அதில் வருகிற ஆள் யார், எந்தப் பாட்டு என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். அம்மம்மா சொல்லும் பட்டப்பெயர்கள் யாருடையவை என்று உங்கள் அம்மாவுக்குப் பிறகு ஒருவருக்கும் தெரியாது. ஏசுகிற இடத்தையும் எழுதுங்கள்.

கேள்வி: ரீச்சர், நாங்கள் கிண்ணியா. எங்கள் உம்மும்மா பன் புல்லில் பாய் இழைப்பா. தொட்டில் ஆட்டும்போது தானாகவே கவி கட்டிப் பாடுவா. மௌத்தாகி ஒரு வருடம். படமோ பதிவோ இல்லை. இரண்டு பாய் மட்டும் இருக்கிறது. வேறென்ன செய்ய முடியும்?
– வாசகி, கிண்ணியா

பதில்: இரண்டு பாய் இருக்கிறது என்றால் நிறைய இருக்கிறது, தங்கச்சி. பாயை மடிக்காமல் சுருட்டி, ஈரமில்லாத உயர்ந்த இடத்தில் வையுங்கள். மாரி மழைக்குப் பிறகு ஒருமுறை காற்றாட விரித்து எடுங்கள். கடும் வெயிலில் போட்டால் சாயம் வெளிறிவிடும். பிறகு பாயை ஊரில் இன்னும் பன்பாய் இழைக்கிற ஒரு மூத்த பெண்ணிடம் கொண்டுபோய் விரித்துக் காட்டுங்கள். எங்கே தொடங்கியது, எத்தனை பன்னுக்கு ஒருமுறை நிறம் மாறுகிறது, ஓரம் எப்படி மடிக்கப்பட்டிருக்கிறது என்று அவர் பார்த்த உடனே சொல்வார். ஓரம் மடிக்கும் விதம் கைக்குக் கை மாறும். அவர் சொல்வதை எழுதுங்கள். இயலுமானால் அதே கோலத்தில் ஒரு சின்னத் தடுக்கு அவரிடம் இழைக்கப் பழகுங்கள். பன் வெட்டுவதிலிருந்து, காய வைத்து, சாயத்தில் அவித்து எடுப்பது வரை கூடவே நில்லுங்கள்.

கவிக்கு உங்கள் உம்மாவையும் சாச்சி, பெரியம்மாமாரையும் ஒரே நாளில் ஒரே வீட்டில் கூட்டுங்கள். தனித்தனியாகக் கேட்டால் ‘ஞாபகம் இல்லை’ என்பார்கள். ஒருவருக்குத் தலை ஞாபகம் இருக்கும், மற்றவருக்கு வால். கூட ஒரு கைக்குழந்தையும் தொட்டிலும் இருந்தால் இன்னும் நல்லது. கை ஆடத் தொடங்கினால் வாயும் தொடங்கும். போனை ஒரு மூலையில் வைத்துவிட்டுப் பேசாமல் இருங்கள்.

கேள்வி: அம்மாவின் வீணையும் சிங்கர் மெசினும்தான் எங்கள் வீட்டில் இப்போது பிரச்சினை. மூத்த அண்ணன் வீணையைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து மண்டபத்தில் பார்வைக்கு வைக்கப் போகிறாராம். தங்கச்சியின் மகள் வீணை படிக்கிறாள், தனக்குத் தரச் சொல்கிறாள். நான் நடுவில். யாருக்கு நியாயம்?
– வாசகர், தம்பலகாமம்

பதில்: படிக்கிற பிள்ளைக்கு. இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

அண்ணனிடம் மரியாதையாகச் சொல்லுங்கள். வாசிக்காமல் வைத்த வீணையில் தந்தி துரு ஏறும், மெழுகு வெடிக்கும், தந்தியை முறுக்கும் பிரடை இறுகிப் போகும். கண்ணாடிப் பெட்டிக்குள் வெக்கை கூடினால் இன்னும் கெதியாகக் கெடும். அம்மாவின் கை பட்ட இடமெல்லாம் தேய்ந்திருக்கும், அந்தத் தேய்வின் மேல் பேத்தியின் கை போகட்டும். மெழுகைப் புதுப்பிக்கும் செலவை அண்ணன் ஏற்றுக்கொண்டால் அவருக்கும் அதில் பங்கு வந்துவிடும். வருடத்துக்கொருமுறை நவராத்திரி சரஸ்வதி பூசைக்கு வீணை அண்ணன் வீட்டுக்கு வரட்டும், அங்கே வைத்து அந்தப் பிள்ளை வாசிக்கட்டும். மண்டபத்தில் வைக்கிற ஆசையும் தீரும்.

மெசினை யார் தைக்கிறார்களோ அவர்களிடம் கொடுங்கள். கொடுக்கும் முன் லாச்சியைத் திறந்து பாருங்கள். பழைய பொபின்களில் சுற்றியிருக்கும் நூல் அம்மா கடைசியாகத் தைத்த துணியின் நிறம். அதை எடுத்து யாராவது ஒருவர் வைத்துக்கொள்ளுங்கள். அம்மாவின் பட்டுச் சேலைகளையும் பங்கிடப் போகிறீர்கள் என்றால் ஒரு சொல்: பிளாஸ்டிக் பைக்குள் வைக்காதீர்கள், பூச்சி உருண்டை சரிகையில் படக் கூடாது. துவைத்த வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, சில மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றி வைத்தால் மடிப்பில் கிழியாது.

கேள்வி: எங்கள் அம்மா கலியாண வீடுகளுக்கு ஆலாத்தித் தட்டு அலங்கரிப்பதில் பெயர் போனவர். மணவறைக்குப் பூ வேலை, பிள்ளைகளுக்கு வில்லுப்பாட்டு எல்லாம் செய்வார். 1990இல் ஓடியபோது வீட்டில் ஒன்றும் மிஞ்சவில்லை. உறவினர் தந்த படங்களைச் சேர்த்து வைத்திருந்த ஒரே அல்பமும் 2004 சுனாமியில் போய்விட்டது. அதற்கு அடுத்த வருடம் அம்மாவும் போய்விட்டார். கன்னியாவில் அந்தியேட்டி செய்ததோடு சரி. இப்போது என் பேத்தி, “உங்கட அம்மா எப்படி இருப்பா?” என்று கேட்கிறாள். காட்ட ஒன்றுமில்லை.
– வாசகி, திருக்கடலூர்

பதில்: அக்கா, உங்கள் கடிதத்தைப் பல முறை வாசித்தேன். இந்த ஊரில் உங்களைப் போல எத்தனையோ வீடுகள்.

கன்னியாவில் செய்ததோடு சரி என்கிறீர்கள். அது சிறிய காரியம் இல்லை. தாய்க்காகக் கோணமலையைப் பெயர்க்கப் போன இராவணன், தாய் இறந்த செய்தி கேட்டு, ஈமக்கடன் செய்ய வாளால் நிலத்தைக் குத்தி எழுப்பிய ஊற்றுகள்தான் கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகள் என்பது நம் ஐதீகம். அந்தத் தண்ணீரில் அம்மாவுக்குக் கடன் தீர்த்திருக்கிறீர்கள். இனிச் செய்ய வேண்டியது பேத்திக்காக.

உங்கள் வீட்டில் படம் இல்லை, சரி. மற்ற வீடுகளில் இருக்கும். அம்மா ஆலாத்தித் தட்டு செய்தவர் என்றால், ஊரில் எத்தனை கலியாண அல்பங்களில் அந்தத் தட்டு இருக்கும்! தட்டைப் பிடித்திருப்பவர் வேறு யாராவதாக இருக்கலாம், ஆனால் மூலையில், தூணுக்குப் பக்கத்தில், வேலை முடிந்து முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி அம்மா நிற்பார். அலங்காரம் செய்கிறவர்கள் எப்போதும் படத்தின் ஓரத்தில்தான் இருப்பார்கள். 70களிலும் 80களிலும் கலியாணம் செய்தவர்களின் வீடுகளை ஒரு பட்டியல் போடுங்கள். வெளிநாட்டில் இருப்பவர்களிடம் வட்ஸ்அப்பில் கேளுங்கள். ‘அம்மாவின் படம் இருக்கா’ என்று கேட்டால் இல்லை என்பார்கள், ஏனென்றால் அவர்கள் அப்படித் தேட மாட்டார்கள். ‘உங்கள் கலியாண அல்பத்தை முழுக்கப் படம் எடுத்து அனுப்புங்கள்’ என்று கேளுங்கள். தேடுவதை நீங்களே செய்யுங்கள்.

இன்னும் பழையது வேண்டுமென்றால் 1963. போர்த்துக்கேயர் 1622இல் இடித்த கோணேசர் கோவில், 1950இல் திருவுருவங்கள் நிலத்துக்குள்ளிருந்து வெளிப்பட்ட பிறகு மீண்டும் எழும்பிக் கும்பாபிஷேகம் கண்ட வருடம் அது. உங்கள் அம்மாவுக்கு அப்போது இளம் வயது, பூ வேலை தெரிந்த பெண் பிள்ளை, மலைக்குப் போகாமல் இருந்திருக்க மாட்டார். அந்த நாளில் யாராவது எடுத்த படம் கண்ணில் பட்டால் கூட்டத்தைப் பெருக்கிப் பாருங்கள். வேலை செய்த இடம், ஓய்வூதியக் கோப்பு, பழைய அடையாள அட்டையின் போட்டோப் பிரதி, பாடசாலை மலர் இவற்றையும் விடாதீர்கள்.

கிடைக்கும் படம் எவ்வளவு மங்கலாக இருந்தாலும் 600 டிபிஐயில் ஸ்கான் செய்து வையுங்கள். கணினி முகத்தைத் திருத்திப் புதிதாக வரைந்து தருகிறேன் என்றால் அந்தப் பிரதியை அம்மாவின் படம் என்று பேத்தியிடம் கொடுக்க வேண்டாம். அது இன்னொரு பெண்ணின் முகம். மங்கலாக இருந்தாலும் அம்மா அம்மாவாக இருக்கட்டும்.

படம் வரும் வரைக்கும் காத்திருக்கவும் தேவையில்லை. ஒரு பித்தளைத் தட்டை எடுத்துப் பேத்தியையும் கூப்பிட்டு முன்னால் வையுங்கள். அம்மா எந்தப் பூவை முதலில் வைப்பார், நடுவில் குங்குமத் தண்ணீரா, வாழைப்பழத் துண்டில் திரியா, அரிசிக்கு என்ன நிறம் ஊட்டுவார், எது கோணலாக இருந்தால் முழுவதையும் கொட்டிவிட்டுத் திரும்பத் தொடங்குவார்? கொட்டியிருப்பார், எனக்குத் தெரியும். அப்படிப்பட்டவர்கள் கொட்டுவார்கள். எல்லாவற்றையும் செய்து காட்டுங்கள். அம்மா எப்படி இருப்பார் என்று கேட்ட பிள்ளைக்கு நீங்கள் செய்கிற விதத்திலேயே பாதி தெரிந்துவிடும். செய்து முடித்த தட்டைப் படம் எடுத்து, அந்தப் படத்தின் பின்பக்கத்தில் மெல்லிய பென்சிலால் அம்மாவின் பெயரை எழுதுங்கள். பேனை மை காலப்போக்கில் முன்பக்கத்துக்கு ஊறிவிடும்.

கேள்வி: என் மகளுக்கு ஆறு வயது. அவள் பிறக்கும் முன்பே என் அம்மா இறந்துவிட்டார். அம்மம்மா நல்லவ, கெட்டிக்காரி என்று சொன்னால் அவளுக்கு அலுத்துவிடுகிறது. அம்மா எனக்குப் பனங்கொட்டையில் கிழவன் பொம்மை செய்து தந்தது மட்டும் ஞாபகம். எப்படி என்று தெரியவில்லை.
– வாசகி, சாம்பல்தீவு

பதில்: ஆறு வயதுப் பிள்ளைக்கு நல்லவர், கெட்டிக்காரி எல்லாம் எதற்கு? பொம்மையைச் செய்து கொடுங்கள். ஆவணி, புரட்டாதியில் பனம்பழம் விழும்போது பணியாரத்துக்குப் பினைந்து களி எடுத்த பிறகு கொட்டையை எறியாதீர்கள். தும்போடு இருக்கிற கொட்டையாகப் பார்த்து, மஞ்சள் போகும்வரை தண்ணீர் மாற்றி மாற்றி அலசுங்கள். தும்பு அறாமல் மெதுவாக. நல்ல வெயிலில் சில நாள் காயவிட்டால் தும்பு வெள்ளையாகப் பஞ்சு போல எழும்பும். பழைய சீப்பால் ஒரே பக்கமாக வாரிவிடுங்கள். முகத்துக்கு ஒரு பக்கத்தை மட்டும் மழித்து, இரண்டு குன்றிமணியை ஒட்டினால் கண். குன்றிமணி நஞ்சு, ஆகவே அதை நீங்களே ஒட்டுங்கள், பிள்ளையின் கையில் கொடுக்க வேண்டாம். கறுப்புப் பொத்தான் இருந்தால் இன்னும் நல்லது. தலைக்கு ஒரு சிவப்புத் துணித் துண்டு. தாடியை எவ்வளவு நீளத்துக்கு வெட்டுவது என்பதை மகளிடமே விட்டுவிடுங்கள், கத்தரிக்கோல் மொட்டையானதாக இருக்கட்டும்.